பெரிய அம்பிளிபயர் வாங்குமுன் சுவரைப் பாருங்கள்: கொழும்பு வீடுகளுக்கான மின்சார வழிகாட்டி

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று நண்பர்கள் வீடுகளிலும் நண்பர்களின் நண்பர்கள் வீடுகளிலும் அம்பிளிபயர் பூட்டிக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலான வீடுகளில் ஒரே காட்சிதான். முதலில் அம்பிளிபயர் வரும், பிறகு ஸ்பீக்கர், பிறகு பெருவிரல் தடிப்பில் ஒரு பவர் கேபிள். கடைசியில் எல்லாம் போய்ச் செருகப்படுவது ஏசியும் மீன்தொட்டியும் ஏற்கனவே தொங்குகிற ஒரு மல்டி பிளக்கில்.

வேலையை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் அளக்க வேண்டும். அடுத்து எர்த், வயர், பாதுகாப்பு. பெட்டியைச் செருகுவது எல்லாவற்றுக்கும் கடைசி. சுவருக்குள் ஓடும் இருபது மீற்றர் வயரில் உள்ள குறையை, வெளியே தெரியும் ஒன்றரை மீற்றர் கேபிள் சரிசெய்யாது.

தொடங்குமுன் ஒரு எல்லைக்கோடு. பிளக் பேஸுக்கு வெளியே உள்ள வேலையை நீங்கள் செய்யலாம். பேஸின் முகத்தைக் கழற்றுவது, பிரேக்கர் பெட்டியைத் திறப்பது, எர்த் ரொட்டைத் தொடுவது எல்லாம் தகுதிச் சான்றிதழ் உள்ள மின்னியலாளருடைய வேலை. இதில் வெட்கம் பார்க்க வேண்டாம். நானும் ஆளைக் கூப்பிட்டுத்தான் செய்விக்கிறேன்.

1. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

பிளக்கில் செருகினால் வோல்ட், அம்பியர், வாட் காட்டும் சிறிய மீற்றர் ஒன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினால் கிடைக்கும். மல்டிமீற்றரின் கம்பிகளைப் பேஸுக்குள் விட்டுத் தடுமாறுவதை விட இது பாதுகாப்பு.

வீட்டில் உள்ள 2000 வாட் கேத்தல். இது எதற்கு என்பது 4ஆம் படியில் வரும்.

பிரேக்கர் பெட்டியின் மூடியை மூடியபடியே எடுத்த தெளிவான படம் ஒன்று. எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். "சமையலறை" என்று எழுதிய பிரேக்கர் வரவேற்பறையையும் சேர்த்து அணைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

2. பின்தகட்டை வாசியுங்கள்

அம்பிளிபயரின் பின்பக்கத்தில் மூன்று விஷயம் இருக்கும்: எத்தனை வோல்ட், எத்தனை ஹேர்ட்ஸ், எத்தனை வாட். இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சட்டப்படி 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ட் வரை.

லண்டனிலிருந்து வந்த பெட்டி என்றால் கவலையில்லை. வோல்ட்டேஜும் அதுதான், பிளக்கும் அதுதான். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்றால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். சிக்கல் ரொறன்ரோவிலிருந்து மச்சான் கொண்டுவரும் பெட்டியில்தான். அது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நேரே செருகினால் இரட்டிப்பு வோல்ட்டேஜ் உள்ளே போகும். ஃபியூஸ் போனதோடு தப்பினால் அதிர்ஷ்டம்.

சில பெட்டிகளில் 115/230 என்று தெரிவு சுவிட்ச் இருக்கும். அதை மாற்றும்போது ஃபியூஸையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 230 வோல்ட்டில் இழுக்கும் அம்பியர் பாதிதான், ஆகவே ஃபியூஸும் ஏறத்தாழப் பாதி அளவாக இருக்க வேண்டும். பழைய பெரிய ஃபியூஸை விட்டுவைத்தால் கோளாறு வரும் நாளில் அது உருகாது, மின்மாற்றிதான் எரியும்.

சுவிட்ச் இல்லாவிட்டால் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் மின்மாற்றி தேவை. கடையில் "110 வோல்ட்" என்று தருவதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். அம்பிளிபயருக்குள் இருக்கும், 60 ஹேர்ட்ஸுக்காக மட்டும் செய்த மின்மாற்றியை 50 ஹேர்ட்ஸில் ஓட்டினால் அதன் இரும்புக் கருவில் காந்தப்புலம் 20 சதவீதம் கூடும், சூடாகும், உறுமும். அதே அளவுக்கு வோல்ட்டேஜையும் குறைத்தால் சமன்படும்: 120 வோல்ட்டில் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 100 வோல்ட். 100 வோல்ட் முனையும் உள்ள ஸ்டெப் டவுனைக் கேட்டு வாங்குங்கள். தகட்டில் 50/60 ஹேர்ட்ஸ் என்று இரண்டும் அச்சிட்டிருந்தால் இந்தக் கவலை வேண்டாம்.

இன்னொன்று, 220 வோல்ட் என்று மட்டும் அச்சிட்ட பழைய அம்பிளிபயர்கள். பெரும்பாலும் ஓடும். ஆனால் உங்கள் வீட்டில் 243 வோல்ட் வரும் நேரத்தில் அதற்குப் பத்து சதவீதம் கூடுதலாகப் போகிறது. உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிற்றர்களின் தாங்கும் அளவு இறுக்கமாக இருந்தால் அவைதான் முதலில் போகும். உள்ளே ±60 வோல்ட் ஓடும் பெட்டியில் 63 வோல்ட் கப்பாசிற்றர் போட்டிருந்தால் 6 சதவீத உயர்வே எல்லையைத் தாண்டிவிடும்.

3. உண்மையில் எவ்வளவு இழுக்கும்

பெட்டியில் "200 வாட்" என்றிருந்தால் சுவரிலிருந்தும் 200 வாட் இழுக்கும் என்று நினைப்பது முதற் பிழை. ஒரு பக்கத்துக்கு 200 வாட் தரும் இரட்டைச் சானல் கிளாஸ் ஏபி வகை அம்பிளிபயரை எடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் முழு வீச்சில் 400 வாட் வெளியே போக, சூடாக வீணாவதையும் சேர்த்து 650 வாட்டுக்கு மேல் உள்ளே வர வேண்டும். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் அது இரட்டிப்புக்கு நெருங்கும்.

நல்லவேளையாக, இசை எப்போதும் முழு வீச்சில் ஓடுவதில்லை. நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் மோதும் ஒரு நொடிக்குத்தான் அந்த அளவு. சராசரி அதில் சிறு பங்கு. ஆகவே மின்பட்டியலுக்குச் சராசரியைப் பாருங்கள், வயருக்கு உச்சத்தைப் பாருங்கள்.

கிளாஸ் ஏ வேறு சாதி. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவு இழுக்கும். 250 வாட் இழுக்கும் ஒன்றை நாளுக்கு நாலு மணிநேரம் போட்டால் மாதம் 30 யூனிட். வெள்ளவத்தை வெக்கையில் அந்த 250 வாட்டும் அறைக்குள் சூடாகத்தான் இறங்கும். அதைத் தணிக்க ஏசி தனியாக இழுக்கும். எனக்குக் கிளாஸ் ஏயின் ஓசை பிடிக்கும். ஆனால் ஏசி இல்லாத அறைக்கு யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கிளாஸ் டி இதற்கு நேர்மாறு: குறைவாக இழுக்கும், குளிராக இருக்கும்.

இதோடு இன்னொன்றையும் மனதில் வையுங்கள். வழமையான மின்மாற்றி உள்ள அம்பிளிபயர் கரண்டை ஒரே சீராக இழுப்பதில்லை. மின் அலை உச்சிக்கு வரும் சில மில்லிசெக்கனில் மட்டும், நொடிக்கு 100 தடவை, மடக்மடக்கென்று குடிக்கிறது. அந்த மடக்குகளின் உச்சம் சராசரியைப் போல மூன்று நாலு மடங்கு இருக்கலாம். மெல்லிய வயரும் தளர்ந்த ஸ்குரூவும் குறுக்கே நிற்பது அந்த நேரத்தில்தான்.

4. கேத்தல் சோதனை

இதை ஆறுதலாகச் செய்யுங்கள். ஒரு சதமும் செலவில்லை, எந்தக் கடைக்காரரின் பேச்சையும் விட அதிகம் சொல்லும்.

முதலில் வெறும் வோல்ட்டேஜ். அம்பிளிபயர் நிற்கப்போகும் இடத்தின் பேஸில் மீற்றரைச் செருகி மூன்று நேரம் எழுதுங்கள்: விடியற்காலை, மதியம், இரவு எட்டு மணி. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடே விளக்கும் அடுப்பும் ஏசியும் போடும் நேரம், வோல்ட்டேஜ் இறங்கும். நல்ல வெயில் மதியத்தில், கூரையில் சூரியப் பலகை போட்ட வீடுகள் நிறைந்த தெருவில் ஏறும். ஒரு வாரம் எழுதினால் உங்கள் வீட்டின் குணம் தெரிந்துவிடும்.

இரவில் 218 என்று பார்த்துப் பதற வேண்டாம். வோல்ட்டேஜ் 6 சதவீதம் குறைந்தால் 200 வாட் பெட்டி ஏறத்தாழ 177 வாட் தரும். கேட்கும் சத்தத்தில் அது அரை டெசிபல் மட்டுமே, காதுக்குத் தெரியாது. பயப்பட வேண்டியது மெதுவாக இறங்கும் வோல்ட்டேஜுக்கு அல்ல. சுமை ஏறியதும் சட்டென்று விழும் வோல்ட்டேஜுக்கு.

அதைப் பிடிக்கத்தான் கேத்தல். அதே சுவரில் உள்ள இரட்டைப் பேஸின் ஒரு பக்கத்தில் மீற்றர், மறுபக்கத்தில் தண்ணீர் நிரப்பிய கேத்தல். கேத்தலைப் போடுமுன் ஒரு தடவை எழுதுங்கள், போட்டு அரை நிமிடத்தில் இன்னொரு தடவை. 2000 வாட் கேத்தல் 8.7 அம்பியர் அளவில் இழுக்கும். வித்தியாசத்தை 8.7ஆல் வகுத்தால் அந்தப் பேஸுக்கு வரும் பாதையின் தடை ஓமில் கிடைக்கும்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் செய்தபோது 229 இருந்தது 221க்கு விழுந்தது. எட்டு வோல்ட், அதாவது 0.9 ஓமுக்கு மேல். பிரேக்கர் பெட்டிக்குப் பக்கத்துப் பேஸில் அதே கேத்தலுக்கு இரண்டு வோல்ட்தான் விழுந்தது. அப்படியென்றால் பிழை தெருவில் இல்லை, மின்சார சபையைத் திட்டிப் பயனில்லை, வீட்டுச் சுவருக்குள்தான் இருக்கிறது. வயரிங் பாஸ் (மின்னியலாளர்) மெயினை அணைத்துவிட்டுப் பேஸின் முகத்தைக் கழற்றினார். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும்) வயரின் நுனி பச்சை பிடித்து, அதைச் சுற்றிய கறுப்பு உறை மொறுமொறுவென்று உடைந்தது. ஸ்குரூவை விரலாலேயே சுழற்ற முடிந்தது. கருகிய பிளாஸ்டிக் மணம் வேறு.

"தம்பி, இது உப்புக் காத்து செய்ற வேலை. அம்பிளிபயர் பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை," என்றார்.

நுனியை வெட்டிப் புதுச் செம்பு வரும்வரை உரித்து, புதுப் பேஸ் போட்டு இறுக்கியபின் அதே கேத்தலுக்கு 229 இருந்தது 225இல் நின்றது. அந்த வீட்டுக்காரர் வாங்கவிருந்த பவர் கண்டிஷனரை (மின்சாரத்தைச் சீராக்கும் பெட்டி) வாங்கவில்லை.

பொதுக் கணக்கு: 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் ஒரு மீற்றருக்கு ஒரு அம்பியருக்கு 18 மில்லிவோல்ட் இழக்கும், போகவரச் சேர்த்து. 4 சதுர மில்லிமீற்றருக்கு 11. ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 44. இருபது மீற்றரில் 8.7 அம்பியர் ஓடினால் முறையே 3.1, 1.9, 7.7 வோல்ட். பிரேக்கர் பெட்டிக்குப் பக்கத்துப் பேஸில் விழும் வோல்ட்டைக் கழித்த பின்னும் உங்கள் அளவு இந்தக் கணக்கை விட இரண்டு மூன்று வோல்ட் கூடுதலாக இருந்தால் எங்கோ ஒரு மூட்டுத் தளர்ந்திருக்கிறது.

5. பழைய பேஸ், புது முகம்

இது தனித் தலைப்புக்குத் தகுதியான பொறி. பழைய வீடுகளில் 5 அம்பியர் வட்டத் துளைப் பேஸ்கள் இருக்கும். அவை பெரும்பாலும் லைட் லைனிலிருந்து மெல்லிய வயரில் இழுத்தவை. யாரோ ஒருவர் முகத்தை மட்டும் கழற்றி 13 அம்பியர் சதுரத் துளைப் பேஸ் போட்டிருப்பார். வெளியே பார்த்தால் புதிது, உள்ளே ஒரு சதுர மில்லிமீற்றர் வயர். அந்தப் பேஸில் செருகுமுன் அதை எந்த பிரேக்கர் அணைக்கிறது என்று உங்கள் தாளில் பாருங்கள். லைட் பிரேக்கரோடு சேர்ந்து அணைந்தால் அதில் அம்பிளிபயர் போட வேண்டாம்.

எல்லா நாட்டுப் பிளக்கும் நுழையும் "யுனிவர்சல்" பேஸ்களையும் தவிருங்கள். எல்லாவற்றுக்கும் இடம் விட்டதால் எதையும் இறுக்கிப் பிடிக்காது. பேனையை எர்த் துளையில் குத்தி இரட்டைக் கால் பிளக்கைத் திணிப்பது நம் ஊர்க் கலை. அதையும் இங்கே காட்ட வேண்டாம்.

6. எர்த்

வயருக்கு முன் எர்த்தைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. எர்த் இல்லாத வீட்டில் புது லைன் இழுப்பது, பூட்டில்லாத வீட்டுக்குப் புதுக் கதவு போடுவது மாதிரி. தனி வீடு என்றால் எர்த் ரொட் உங்கள் வளவுக்குள்ளேயே நிலத்தில் அடித்திருக்கும். அதைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு. மேலே சுற்றிய செம்பு வயர் அறுந்து தொங்குவதைத் தோட்டத்தில் புல் வெட்டுபவர்தான் பல நேரம் முதலில் காண்பார்.

மெயினில் உள்ள ட்ரிப் சுவிட்ச்சின் (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிப்பது) சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை மாற்றுங்கள். ஆனால் பொத்தான் விழுத்தியது என்பதற்காக எர்த் நல்லது என்று ஆகாது. அந்தப் பொத்தான் எர்த் ரொட்டைத் தொடுவதே இல்லை. எர்த் தடையை மின்னியலாளர் தன் கருவியால்தான் அளக்க வேண்டும். 10 ஓமுக்குக் கீழே வந்தால் நான் திருப்தியாகிவிடுவேன். ரொட்டைத் தோட்டத்தின் ஈரமான மூலையில் அடிப்பது அதற்குத்தான்.

புதியவர்கள் விழும் பெரிய குழி: "ஓடியோவுக்கென்று தனி எர்த் ரொட்". வேண்டாம். பக்கத்தில் இடி விழும்போது இரண்டு ரொட்டுக்கும் இடையில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழலாம், அது உங்கள் பெட்டிக்குள்ளால்தான் பாயும். இன்னொரு ரொட் அடித்தே ஆகவேண்டும் என்றால் பழையதோடு தடித்த செம்பால் இணைத்துத்தான் அடிக்க வேண்டும். தொடர்மாடியில் பொது எர்த் ஒன்றுதான் இருக்கும். அதைத் தொடும் முன் முகாமைத்துவத்திடம் கேளுங்கள்.

7. தனி லைன் இழுத்தல்

முன் படிகளில் அளந்து பார்த்து வயர் நன்றாக இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். சிறிய அம்பிளிபயருக்கும் இது தேவையில்லை. பெரிய பெட்டிக்கு, அல்லது அந்த லைனில் பிரிஜ்ஜும் ஏசியும் இருந்தால் செய்யுங்கள்.

பிரேக்கர் பெட்டியிலிருந்து நேரே, இடையில் வேறு பேஸ் இல்லாமல், 4 சதுர மில்லிமீற்றர் வயர். கடையில் 7/0.85 என்று கேட்டால் புரியும்: 0.85 மில்லிமீற்றர் இழை ஏழு. 2.5 வேண்டும் என்றால் 7/0.67. அதனோடு எர்த் வயரும் போக வேண்டும். முனையில் இரண்டு இரட்டைப் பேஸ். ஓடியோச் சாமான் எல்லாம் இந்த இரண்டிலேயே செருகப்பட வேண்டும். வெவ்வேறு மூலையிலிருந்து கரண்ட் எடுத்தால் பின்னால் ஹம் சத்தம் தேடி அலைய நேரிடும்.

பல இழை வயரின் நுனிக்கு ஈயம் பூசி ஸ்குரூவில் இறுக்க வேண்டாம். அழகாகத் தெரியும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிச் சில மாதத்தில் மூட்டுத் தளரும். நுனிக்கு மாட்டும் சிறிய செம்புக் குழாய் போடச் சொல்லுங்கள்.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள (மூன்று லைவ் வயர் வரும்) வீடுகளில் ஓடியோ முழுவதையும் ஒரே ஃபேஸில் வையுங்கள், ஏசியையும் தண்ணீர் மோட்டரையும் மற்ற இரண்டில். சேர்த்துச் செருகும் இரண்டு பெட்டிகளுக்கு இடையில் 400 வோல்ட் நிற்க விடக்கூடாது.

8. போட்டதும் பிரேக்கர் விழுந்தால்

பெரிய வளைய மின்மாற்றி உள்ள பெட்டியைப் போட்ட முதல் கணத்தில் பத்துக்கணக்கான அம்பியர் பாயும். சாதாரணமாக நாலைந்து அம்பியர் இழுக்கும் பெட்டிதான். காந்தக் கரு நிரம்பிவிடுவதும் வெறும் கப்பாசிற்றர்கள் ஒரேயடியாக நிரம்புவதும் காரணம். அலையின் எந்த இடத்தில் சுவிட்ச் விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரு நாள் பிரேக்கர் விழும், மறுநாள் விழாது. "பேய் பிடித்த பெட்டி" என்று என்னிடம் கொண்டுவந்தவர்களும் உண்டு.

பலர் செய்யும் பிழை 16 அம்பியர் பிரேக்கரை எடுத்துவிட்டு 32 போடுவது. பிரேக்கர் காப்பது பெட்டியை அல்ல, சுவருக்குள் உள்ள வயரை. 2.5 வயருக்கு 32 போட்டால் வயர் சூடாகும், பிரேக்கர் பேசாமல் இருக்கும். மாற்ற வேண்டியது அளவை அல்ல, வகையை. பி வகை தன் அளவின் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்கில். அதே 16 அல்லது 20 அம்பியரில் சி வகை கேளுங்கள். அதுவும் விழுந்தால் அம்பிளிபயருக்குள் மென்மையாகத் தொடக்கும் சுற்று இல்லை, அல்லது அது பழுது. திருத்துபவரிடம் காட்டுங்கள்.

பிரேக்கர் அல்ல, ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால் கதை வேறு. ஒவ்வொரு பெட்டியின் உள்ளே இருக்கும் வடிகட்டியும் எர்த்துக்குள் சிறிது மில்லிஅம்பியர் கசியவிடும். கணினி, தொலைக்காட்சி, அம்பிளிபயர் என்று சேர்ந்தால் 30 மில்லிஅம்பியர் சுவிட்ச் எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கும். அது 15க்கும் 30க்கும் இடையில் எங்கேயும் விழலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூட்டிப் பாருங்கள். சுவிட்ச்சைத் தாண்டி வயர் போடச் சொல்லி எவராவது யோசனை தந்தால் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

9. இடிக்கும் நியூட்ரலுக்கும் பாதுகாப்பு

சித்திரையிலும் ஐப்பசியிலும் கொழும்பில் பின்னேர இடி வழமை. இங்கே இரண்டு ஆபத்து, இரண்டு வேறு மருந்து.

ஒன்று இடியின் பாய்ச்சல்: மிக உயரம், மிகக் குறுகிய நேரம். இதற்கு பிரேக்கர் பெட்டியில் பொருத்தும் பாய்ச்சல் தடுப்பான். வீட்டுக்கு வீடு தனி எர்த் ரொட் உள்ள நம் ஊர் முறையில் அதை இணைப்பதற்குத் தனி ஒழுங்கு உண்டு. இதுவரை எத்தனை இடத்தில் பொருத்தியிருக்கிறார் என்று மின்னியலாளரைக் கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.

மற்றது நியூட்ரல் அறுவது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் தளர்ந்தால் ஒரு ஃபேஸ் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி அப்படியே நிமிடக்கணக்கில் நிற்கலாம். பாய்ச்சல் தடுப்பான் இதைத் தடுக்காது, தானே எரிந்துபோகும். இதற்கு வோல்ட்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் டிஜிட்டல் காவலன் வேண்டும். நான் கீழ் எல்லை 200, மேல் எல்லை 250, திரும்ப இணைக்கும் தாமதம் 180 செக்கன் என்று வைப்பேன். அந்தத் தாமதம் கரண்ட் போய் வரும் நாளில் பெரிய உதவி. தெரு முழுக்க பிரிஜ்ஜும் மோட்டரும் ஒரே நேரத்தில் எழும் அந்த முதல் நிமிடத்தில் உங்கள் பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும்.

இவை எல்லாம் இருந்தாலும் வானம் இருளும்போது பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் அன்டெனாவின் கேபிளையும் ரவுட்டரின் வயரையும் சேர்த்துத்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு அன்டெனாவை விட்டவர்களின் பெட்டிகளும் போயிருக்கின்றன.

10. ஸ்டெபிலைசர், யூ.பி.எஸ்., ஜெனரேற்றர்

சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் அளவுகள் 216க்கும் 244க்கும் இடையில் இருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டாம். வேண்டியே ஆகவேண்டும் என்றால் மோட்டர் சுழன்று திருத்தும் வகை, அம்பிளிபயரின் தகட்டு அளவைப் போல மூன்று மடங்கு. டக் டக்கென்று படிப்படியாக மாறும் சிறியவை அம்பிளிபயர் மடக்கிக் குடிக்கும் கரண்டைக் கொடுக்காது.

கணினிக்கான மலிவு யூ.பி.எஸ். பற்றரிக்கு மாறும்போது சதுரப் படி அலையைத் தருகிறது; மின்மாற்றி உறுமும். அதை ரவுட்டருக்கும் பாட்டு வைத்திருக்கும் சிறு கணினிக்கும் வையுங்கள். தொடர்மாடி ஜெனரேற்றரில் கேட்பதென்றால் முதலில் மீற்றரில் வோல்ட்டேஜையும் ஹேர்ட்ஸையும் பாருங்கள். லிஃப்ட் ஏறி இறங்கும்போது எண் ஆடினால் அன்றைக்குப் புத்தகம் வாசியுங்கள்.

11. செருகும் வரிசை, போடும் வரிசை

முதலில் சிக்னல் வயர்களும் ஸ்பீக்கர் வயர்களும், எல்லாம் அணைந்த நிலையில். பிறகு பிளக்குகள். போடும்போது பாட்டுக் கருவி, ப்ரீ அம்பிளிபயர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் முன்பெட்டி), கடைசியாகப் பவர் அம்பிளிபயர். அணைக்கும்போது நேர்மாறு. காரணம் எளிது: முன்னால் உள்ள கருவி விழிக்கும்போது ஒரு துள்ளல் அனுப்பும், பவர் அம்பிளிபயர் விழித்திருந்தால் அதைப் பல மடங்காக்கி ஸ்பீக்கருக்குள் இறக்கிவிடும்.

கரண்ட் போனால் எழுந்து போய் அம்பிளிபயரின் சுவிட்ச்சை அணையுங்கள்.

12. ஹம் கேட்டால்

முதலில் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துப் பாருங்கள். பெட்டியின் உடலிலிருந்தா, ஸ்பீக்கரிலிருந்தா?

பெட்டியே உறுமினால் மின்மாற்றி அதிர்கிறது. மின்சாரத்தில் சிறிது நேர்மின் (டி.சி.) கலந்தால் வளைய மின்மாற்றி இப்படிச் செய்யும். பாதிச் சூட்டில் ஓடும் சில தலைமயிர் உலர்த்திகள் அதைக் கலந்துவிடும், லைட் மங்கல் சுவிட்ச்சும் கலக்கலாம். வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு உலர்த்தி என்றால் காலையில் ஆறரைக்குத் தொடங்கி ஏழுக்கு நிற்கும்! எப்போதும் இருந்தால் நேர்மின் தடுப்பான் ஒன்றை, உங்கள் அம்பியருக்கு ஏற்ற அளவில், ஆயத்தமாக வாங்குங்கள். வீட்டில் செய்ய வேண்டாம்.

ஸ்பீக்கரில் கேட்டால், அம்பிளிபயரை அணைத்து, அதற்கு வரும் சிக்னல் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அம்பிளிபயரை மட்டும் திரும்பப் போடுங்கள். சத்தம் நின்றால் எர்த் வளையம்: பெட்டிகள் எர்த் வழியாகவும் சிக்னல் வயர் வழியாகவும் இரட்டையாக இணைந்து, அந்த வளையத்தில் கரண்ட் சுற்றுகிறது. ஒவ்வொன்றாகத் திரும்ப இணையுங்கள். நான் பார்த்தவரை குற்றவாளி பெரும்பாலும் டிஷ் கேபிள் அல்லது மடிக்கணினியின் மூன்று கால் சார்ஜர். டிஷ் கேபிளுக்கு இடையில் போடும் தனிப்படுத்தி உண்டு. கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் ஒளிக் கேபிள் போட்டால் செம்புத் தொடர்பே அறுந்துவிடும்.

எர்த் வயரைக் கழற்றினாலும் ஹம் நிற்கும். அதனால்தான் பலர் அதைச் செய்கிறார்கள். உள்ளே ஒரு வயர் கழன்று உலோக உடலைத் தொடும் நாளில் முழு வீட்டு மின்சாரமும் அந்த உடலில் ஏறி, சத்தம் கூட்டக் கை வைப்பவருக்காகக் காத்திருக்கும். பின்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த பெட்டி மட்டும் எர்த் இல்லாமல் ஓடப் பிறந்தது.

13. ஒரு மாதம் கழித்து

ஒரு மணிநேரம் பாட்டுக் கேட்டபின் அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் கால்களின் பக்கத்து முகத்தைக் கையால் தொடுங்கள். அறையின் சூடுதான் இருக்க வேண்டும். இளஞ்சூடு இருந்தால் பேஸின் பிடி தளர்ந்திருக்கிறது, பேஸை மாற்றச் சொல்லுங்கள்.

கேத்தல் சோதனையைத் திரும்பச் செய்து, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் திகதியோடு எழுதிப் பிரேக்கர் பெட்டியின் மூடிமேல் ஒட்டிவிடுங்கள். கடற்கரைப் பக்க வீடு என்றால் இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், காலி வீதிக்கு மறுபுறம் உள்ளே என்றால் வருடத்துக்கு ஒருமுறையும் செய்யலாம்.